இரண்டு விரல் எடை

சிஸ்டர் போன் செய்தபோது நான் துணிக்கடையில் ஏணி மேல் நின்றிருந்தேன். மேல் தட்டில் சேலைப் பெட்டிகளை அடுக்குகிற வேலை. டயாலிசிஸ் சென்டர் சிஸ்டரின் நம்பரை நான் அழிக்கவே இல்லை. அண்ணன் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும், ஐயோ, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அண்ணனுக்கு டயாலிசிஸ் நாள், மறந்துபோய் வேலைக்கு வந்துவிட்டேனே என்று ஒரு நொடி பதறிவிட்டேன். அடுத்த நொடி ஞாபகம் வந்தது. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

"நாளைக்குக் காலையில நீ இங்க வந்து பேசணும்," என்றார் சிஸ்டர்.

"இன்னா பேசணும் சிஸ்டர்?"

"பேஷண்டுங்க, வூட்டுக்காரங்க எல்லாரையும் கூப்ட்டு கூட்டம் போடறோம். டாக்டர் பேசுவாரு, டயட் மேடம் பேசுவாங்க, நம்ம டெக்னீஷியன் பேசுவாரு. உங்க அண்ணன் வெயிட்ட எப்படி கண்ட்ரோல் பண்ணிக்கினு வந்தான்னு நீ சொல்லணும். மைக்கெல்லாம் வெக்கிறோம்."

மைக் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் எட்டாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்லக்கூட என்னை யாரும் முன்னால் நிற்க வைத்ததில்லை. டாக்டர் பேசுகிற கூட்டத்தில் நானும் பேசப் போகிறேன். வரேன் சிஸ்டர், வரேன் சிஸ்டர் என்று மூன்று தடவை சொன்னேன். என்ன பேசச் சொன்னார் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவே இல்லை.

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பாய் சரியா வர்றதில்லம்மா. வந்தாலும் ரெண்டரை மணி நேரத்துல கையத் தூக்கி, கழட்டு கழட்டுன்னு கத்தறாரு. இன்னிக்கி வரவே இல்ல. திங்கட்கிழமையும் வரலன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாங்க எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம். உங்க அண்ணன் மேல அவருக்கு உசுரு. நீ சொன்னா கேப்பாரு."

பாயை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் அவருடையது. ஆட்டோ, டிராக்டருக்கெல்லாம் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். அண்ணன் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன், ஏலம் விடுகிற கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவான். பாய் அவனை டிரைவரு என்றுதான் கூப்பிடுவார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டுக்கொண்டு வாயாடிக்கொண்டே இருப்பார்கள்.

"டிரைவரு, உன் வண்டி சீட்டு கிழிஞ்சி தொங்குது. வெக்கமா இல்ல?"

"நீ தெச்ச சீட்டுதான பாய். ஆறு மாசம் கூட தாங்கல."

"உன்ன மாதிரி ஆளு குந்தினா எந்த சீட்டுடா தாங்கும்?"

அவன் இருந்த எடைக்கு இது பெரிய கேலி. ஐம்பத்தெட்டு கிலோ. இருபத்தாறு வயது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கழனி வேலைக்குப் போய்வந்து கால் கழுவிக்கொண்டிருந்தது. "மைக்குலயா?" என்று ஈரக் காலோடு உள்ளே வந்தது. நான்கு மாதத்தில் அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "நானும் வரேன்டி. எம் புள்ளையப் பத்தி பேசப்போறாங்க."

அப்புறம் நான் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் தண்ணிய அளந்து குடிப்பான். உப்பு சேத்துக்க மாட்டான். இந்த மூன்றாவது வரிக்கு வந்தபோதுதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் எனக்கே தெரிந்தது.

ஏனென்றால் அண்ணன் வெயிட்டைக் கண்ட்ரோல் செய்யவே இல்லை. நானும் அவனும் சேர்ந்து எடை மெஷினை ஏமாற்றினோம்.

டயாலிசிஸுக்கு வந்துவிட்ட ஆளுக்கு ஒன்றுக்குப் போவது அநேகமாக நின்றுவிடும். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கும். அதனால் மெஷினில் போடும் முன் எடை பார்ப்பார்கள். உடம்பில் அதிகத் தண்ணீர் இல்லாத எடை ஒன்று எழுதி வைத்திருப்பார்கள், ட்ரை வெயிட் என்பார்கள். அண்ணனுக்கு அது ஐம்பத்தெட்டு. அறுபது காட்டினால் இரண்டு லிட்டர் எடுக்க வேண்டும் என்று கணக்கு. இரண்டு கிலோவுக்குள் ஏறி வந்தால் சுவரில் மாட்டிய போர்டில் பெயருக்கு நேராக ஒரு ஸ்டார் ஒட்டுவார்கள். ஒட்டும்போது கட்டிலில் இருப்பவர்கள் எல்லோரும், ஒரு கையில் ஊசி இருப்பதால், இன்னொரு கையால் தொடையைத் தட்டுவார்கள். எங்களுக்கு அது அவ்வளவு சந்தோஷம்.

ஒரு சித்திரை வெயிலில் அண்ணன் நான்கு கிலோ ஏறி வந்தான். மலைப் பாறையெல்லாம் அனலாகக் கொதிக்கிற நேரம், வண்டி ஓட்டுகிறவன் எப்படித் தண்ணீர் குடிக்காமல் இருப்பான்? அன்றைக்கு நிறைய எடுத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான், சத்தம் வராமல். மறுநாள் கிளட்ச் மிதிக்கக்கூட கால் வரவில்லை. லோடு போய்விட்டது.

அடுத்த தடவை எடை மெஷினில் ஏறுவதற்கு முன் என் காதில் சொன்னான்.

"பாப்பா, பின்னாடி வந்து நில்லு."

"இன்னாத்துக்கு?"

"பெல்ட்டுல விரல வுட்டு லேசா தூக்கு. ரொம்பத் தூக்காத, பேண்ட்டு கழண்டுக்கப் போவுது."

கைலியும் வேட்டியுமாக எல்லோரும் வருகிற இடத்தில் அவன் ஒருத்தன்தான் பேண்ட் போட்டு பெல்ட் கட்டி வருவான், முடிந்ததும் நேராக வண்டிக்குப் போக. எடை மெஷின் சுவர் ஓரமாக இருந்தது. அவன் ஏறினான். நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். இரண்டு விரல். சிவப்பு நம்பர் ஓடி நின்றது. ஒரு கிலோ குறைந்திருந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. பரீட்சையில் பிட் அடித்து மாட்டாமல் தப்பித்த மாதிரி இருந்தது. ஸ்டார் ஒட்டினார்கள். பாய் தொடையில் ஓங்கித் தட்டி, "சபாஷ் டிரைவரு" என்றார்.

அதற்கப்புறம் எல்லாத் தடவையும் அதுதான். முடிந்து இறங்கும்போது பார்க்கிற எடைக்கும் அதே விரல்தான். வலி இல்லை, வண்டி ஓட்டலாம், ஸ்டார் வேறு. ஆனால் பிபி மட்டும் ஏறிக்கொண்டே போனது. "வெயிட்டு சரியாத்தான் இருக்குது, பிபி ஏன் எறங்க மாட்டேங்குது?" என்று டெக்னீஷியன் அண்ணன் தலையைச் சொறிவார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ட்ரை வெயிட்டையே ஒரு கிலோ குறைத்துப் பார்த்தார். நாங்கள் இன்னும் கொஞ்சம் தூக்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தவன் பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது கனமாகிவிட்டான். ஹார்ட் என்று சொன்னார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அவன் போனதும் எனக்கு மட்டும் தெரிந்ததாகிவிட்டது.

அதனால் என்ன, நாளைக்கு நல்லபடியாகச் சொல்லிவிட்டு வருவோம் என்று முடிவு செய்தேன். அவன் பேர் நல்ல பேராக இருக்கட்டும். பாயும் அதைக் கேட்டு ஒழுங்காக வரட்டும். பொய்யாக இருந்தாலும் நல்லது நடந்தால் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, காலையில் நல்ல சுடிதாராக எடுத்துப் போட்டுக்கொண்டேன். மல்லிகைப்பூகூட வைத்துக்கொண்டேன்.

கூட்டம் சென்டர் மாடியில். பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஃபேன், ஒரு மைக். முன்னால் ஒரு மேசை, பக்கத்தில் கீழேயிருந்து தூக்கி வந்த எடை மெஷின். அங்கேயே எல்லோருக்கும் எடை பார்த்து விளக்கலாம் என்று டெக்னீஷியன் அண்ணன் கொண்டு வந்திருந்தார். போர்டையும் கழற்றிக்கொண்டு வந்து மாட்டியிருந்தார்கள். அண்ணன் பேர் அதில் இன்னும் இருந்தது. வரிசையாக ஸ்டார்.

டயட் மேடம் உப்பு போடாத பொரியில் வெங்காயம் கலந்து வாசலிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். தொண்டூரிலிருந்து வருகிற தாத்தா ஒரு வாய் போட்டுவிட்டு, "இத்தத் துண்றதுக்கு நான் மெஷின்லயே படுத்துக்குவேன்" என்றார். மேடமே சிரித்துவிட்டார். எல்லோருக்கும் ஒரு மடக்கு டீ, சின்னக் கப்பில். நான் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த ஒரு மடக்கிலும் பாதி சுடிதாரில் கொட்டிவிட்டது. பயம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், உற்சாகம்தான். அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரிடமும் "எம் பொண்ணு பேசுது" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பாய் கடைசியாக வந்தார். அவர் மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. முகம் ஊதி கண் சிறுத்திருந்தது. மாடிப்படியில் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கியது மேலே எங்களுக்குக் கேட்டது. கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

டாக்டர் பேசினார். சின்ன வயசு, நல்ல மனுஷன், ஆனால் பாதி இங்கிலீஷ். இரண்டு பேர் தூங்கினார்கள். டயட் மேடம் ஊறுகாய், கருவாடு, அப்பளம், வறுத்த மல்லாட்டைக் கடலை என்று எது எது ஆகாது எனச் சொன்னபோது ஒவ்வொன்றுக்கும் ஒருத்தர் பெருமூச்சு விட்டார்கள். டெக்னீஷியன் அண்ணன் நான்கு மணி நேரம் ஏன் வேண்டும் என்று சொன்னார். பிறகு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

மைக்கைக் கையில் வாங்கியதும் என் மூச்சே பெரிய சத்தமாகக் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் தண்ணிய அளந்து குடிப்பான். அவன்..."

"நிறுத்தும்மா," என்றார் பாய் பின்னாலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். பாய் எழவில்லை. உட்கார்ந்தபடியே, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிப் பேசினார்.

"தப்பா எடுத்துக்காத பாப்பா. அவன் ஒரு நாள் லீவு போட்டானா? நாலு மணி நேரத்துல ஒரு நிமிஷம் கொறச்சானா? அந்த போர்டப் பாருங்க. பூரா அவன் ஸ்டாருதான். இவங்க சொன்னத அச்சு அசலா கேட்டவன் அவன் ஒருத்தன்தான். ஆனது இன்னா? போய்ட்டான். நான் உப்பும் துண்றேன், தண்ணியும் குடிக்கிறேன், இன்னும் இருக்கறேன். எதுக்கு நான் நாலு மணி நேரம் படுக்கணும்? போறதுதான் போறோம், ஒரு சொம்பு தண்ணி வயிறாரக் குடிச்சிட்டுப் போறேன்."

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன. டாக்டர் போர்டைத் திரும்பிப் பார்த்தார். போர்டு பாய் பக்கம்தான் பேசியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாவதற்கு முன் நாங்கள் சொன்ன பொய், செத்த பிறகும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அண்ணனைப் பார்த்துத்தான் பாய் மெஷினை விட்டார். அந்த ஸ்டார்கள் ஒவ்வொன்றும் பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கின்றன. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது. இரண்டாவது வரிசையில் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"பாய், அது பொய்," என்றேன். மைக் கிர் என்று கத்தியது.

"எது பொய்?"

"ஸ்டாரு. அவன் வெயிட்டு. நான் பின்னாடி நின்னு பெல்ட்டப் புடிச்சித் தூக்குவேன். அவன் உங்கள விட ஜாஸ்தி தண்ணி குடிச்சான் பாய். மேல்மலையனூர் அமாவாசை லோடுக்குப் போய்ட்டு வந்தா வழி பூரா கரும்பு ஜூஸ். யாருக்கும் தெரியாது. எனுக்கும் அவனுக்கும்தான் தெரியும்."

சிஸ்டர் கையில் இருந்த கப் அப்படியே நின்றது.

"சும்மா சொல்லாதம்மா," என்றார் டெக்னீஷியன் அண்ணன். "நான் எதுருலதான நிப்பேன். எனுக்குத் தெரியாமயா?"

"ஏறுங்கண்ணா."

"இன்னாது?"

"மெஷின்ல ஏறுங்க. நீங்க பெல்ட்டு போட்டிருக்கீங்க இல்ல."

அவர் ஏறினார். எழுபத்தொன்று புள்ளி நான்கு. எல்லோரும் பார்த்தார்கள். இறங்கச் சொன்னேன். மறுபடி ஏறச் சொன்னேன். இந்தத் தடவை நான் அவர் பின்னால் போய் நின்று, சிஸ்டரைப் பார்த்து, "சிஸ்டர், இன்னிக்கி ஏசி போடலியா, ஒரே புழுக்கமா இருக்குது" என்றேன். அண்ணனோடு வரும்போது நான் வழக்கமாகச் சொல்வது அதுதான். நம்பர் நிற்கும் முன்பே தூக்கிவிட வேண்டும், நின்ற பிறகு தூக்கினால் ஆடும், மாட்டிக்கொள்வோம். என் விரலுக்கு அது மறக்கவே இல்லை. அறுபத்தொன்பது புள்ளி எட்டு.

அந்த இடமே வெடித்தது. சத்தியமாக, மாடி அதிர்ந்தது. தூங்கினவர்கள் எழுந்துவிட்டார்கள். டெக்னீஷியன் அண்ணன் தன் பெல்ட்டையே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எனுக்கு ஒண்ணுமே தெரியலியேடி!"

தொண்டூர் தாத்தாதான் முதலில் ஆரம்பித்தார். "நான் மொத நாளே சோறு துண்றத வுட்டுட்டு வருவேன். பொய் சொல்லக்கூடாது."

பின்னால் ஒரு அம்மா எழுந்தது. "நான் குதிகால மெஷினுக்கு வெளிய வெச்சிக்குவேன். பொடவ மறச்சிக்கும்."

"நான் சுவத்துல முழங்கைய ஊணிக்குவேன்."

"அடப்பாவிங்களா," என்றார் சிஸ்டர். "இத்தன நாளா நான் யாருக்குக் கை தட்டினேன்?"

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். ஆனால் பாய் சிரிக்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை.

டாக்டர் எழுந்து வந்து என் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை இங்கிலீஷ் இல்லை. "ஏன்மா தூக்கச் சொன்னான்?" என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கால் இழுக்குது, மறுநாள் வண்டி ஓட்ட முடியல, அதான் என்றேன்.

டெக்னீஷியன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மெதுவா எடுத்திருப்பேனே. அர மணி நேரம் ஜாஸ்தி போட்டு ஸ்பீடைக் கொறச்சா கால் அவ்வளவு இழுக்காது."

"தாகத்துக்கு நான் தண்ணியக் கொற தண்ணியக் கொறன்னே சொல்லிக்கினு இருந்துட்டேன்," என்றார் டயட் மேடம். "உப்பு கொறஞ்சாத்தான் தாகம் கொறையும். வண்டி ஓட்ற பையன் வெளிய எங்க சாப்டறான்னு நான் ஒரு நாள் கூட கேக்கல."

சிஸ்டர் போர்டின் பக்கம் போனார். அதைக் கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே கொதித்தது. அரை மணி நேரம். மெதுவாக எடுப்பது. வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போவது. இவ்வளவுதானா? இதற்காகவா நாங்கள் அவ்வளவு பெரிய திருட்டுத்தனம் செய்தோம்? கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இவர்களிடம் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

பாய் கடைசி வரிசையிலிருந்து கேட்டார். "அப்போ அவன் உடம்புல நெஜமா எவ்ளோ தண்ணி நின்னிருக்கும்?"

டெக்னீஷியன் அண்ணன் மனதில் கணக்குப் போட்டார். "ரெண்டு லிட்டராவது எப்பவும் நின்னிருக்கும் பாய். திங்கட்கிழமைக்கு முன்னாடி ரெண்டு நாள் கேப்பு இல்ல, அப்போ இன்னும் ஜாஸ்தி."

"திருட்டுப் பய," என்றார் பாய். "பக்கத்துல படுத்துக்கினு எங்கிட்டகூட சொல்லல." குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திங்கட்கிழமை வருவீங்களா பாய் என்று சிஸ்டர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா என்னோடு பேசவில்லை. நான் இரண்டடி பின்னாலேயே நடந்தேன். அன்று சாயந்திரமும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை அரிசி களைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டது.

"கால் ரொம்ப வலிச்சிதா அவனுக்கு?"

"ரொம்ப வலிச்சிதும்மா. அழுதான்."

"எங்கிட்ட சொல்லலியே ரெண்டு பேரும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. நானும் அழுதுகொண்டே வெங்காயம் உரித்தேன், அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் அம்மாதான் என்னை எழுப்பியது. "இன்னும் படுத்துக்கினு இருக்கற? போய் அந்த பாய் வராரான்னு பாரு." தலை சீவினேனோ இல்லையோ, ஓடினேன்.

எடை மெஷின் இப்போது கூடத்தின் நடுவில் இருந்தது. சுற்றிலும் சாக்பீஸில் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். பேஷண்டைத் தவிர யாரும் வட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. நம்பரைப் பேஷண்டே படித்து நோட்டில் எழுத வேண்டும். எவ்வளவு ஏறியிருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை திட்டக்கூடாது, ஏன் என்று மட்டும் கேட்க வேண்டும் என்று சிஸ்டர் தனக்கே உத்தரவு போட்டுக்கொண்டதாகச் சொன்னார். தொண்டூர் தாத்தா மூன்றரை கிலோ ஏறியிருந்தார். வட்டத்துக்குள் குற்றவாளி மாதிரி நின்று, "நேத்து மச்சான் வூட்டு விசேஷம். மீன் கொழம்பு" என்றார். டயட் மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு, "எத்தன துண்டு?" என்று மட்டும் கேட்டார்.

பாய் கட்டில் காலியாக இருந்தது. வழக்கமான நேரம் தாண்டி அரை மணி ஆனது. சிஸ்டர் போன் போட்டார், எடுக்கவில்லை. டெக்னீஷியன் அண்ணன் மெஷினைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். டாக்டரே இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பொய்யையும் உடைத்து, அண்ணன் பேரையும் கெடுத்து, கடைசியில் இவரும் வரவில்லை என்றால்?

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

பாய் இறங்கினார். நான்கடிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வட்டத்துக்கு வெளியே செருப்பை விட்டார். பையிலிருந்து போன், சாவிக்கொத்து, ஒரு துண்டு மெழுகுநூல் எல்லாவற்றையும் மனைவி கையில் கொடுத்தார். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஏறி நின்றார், போலீஸ்காரன் பிடித்த மாதிரி.

"பாத்துக்குங்க எல்லாரும். அப்புறம் பாய் திருடன்னு சொல்லக்கூடாது."

ஐந்து கிலோ இருநூறு ஏறியிருந்தது. அவரே படித்தார், அவரே எழுதினார். யாரும் திட்டவில்லை. "மொத்தத்தையும் இன்னிக்கி எடுத்தா ஒடம்பு தாங்காது பாய்," என்றார் டாக்டர். "இன்னிக்கி பாதிக்கு மேல எடுப்போம். நாளைக்கி ஒரு நாள் எக்ஸ்ட்ரா வாங்க."

"மொதல்ல இன்னிக்கிப் பாக்கலாம்," என்று படுத்துவிட்டார் பாய்.

கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருந்தேன். ஒரு மணி நேரம் போனது, இரண்டு போனது. முதலாளி நம்பர் போனில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க முடியவில்லை. என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. சிஸ்டர் கண்ணும் அங்கேதான். இரண்டேகால். இரண்டரை.

பாய் கையைத் தூக்கினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. டெக்னீஷியன் அண்ணன் ஓடினார். சிஸ்டர் ஊசி ட்ரேயை வைத்துவிட்டு ஓடினார். பாய் முகம் கோணிப் போயிருந்தது. கழட்டு என்று சொல்லப் போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"கால் இழுக்குதுடா," என்றார். "ஸ்பீடக் கொறைக்கிறேன்னு சொன்னியே, கொற!"

டெக்னீஷியன் அண்ணன் கை மெஷினில் பறந்தது. சிஸ்டர் பாயின் பாதத்தைப் பிடித்து விரல்களை மேல் பக்கம் வளைத்து அழுத்தினார். டாக்டர் பிபி பார்த்தார். பாயின் மனைவி தலைமாட்டில் நின்று என்னவோ முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் பாயின் முகம் மெல்ல மெல்ல இளகியது.

"அர மணி நேரம் ஜாஸ்தி ஆவும் பாய்," என்றார் டெக்னீஷியன் அண்ணன், பயந்துகொண்டே.

"ஆவட்டும். ஓட்டு." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ இன்னா இங்கயே நின்னுக்கினு இருக்கற? வேலைக்குப் போவல?"

"போறேன் பாய். நாளைக்கி வருவீங்களா?"

"வராம? ரெண்டு லிட்டரு இன்னும் உள்ள இருக்குது இல்ல," என்றார், எரிச்சலாக.

நான் போகவில்லை. நான்கரை மணி நேரம் முடிந்து, அவர் மறுபடி வட்டத்துக்குள் ஏறி, நம்பரைப் படித்து, நோட்டில் எழுதி, சிஸ்டர் அதற்குக் கீழே செவ்வாய்க்கிழமை காலை என்று எழுதுகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் முதலாளியிடம் திட்டு வாங்கப் போனேன்.